பெயரைக் கேட்டு எண்ணைச் சொல்லும் சேவையகங்கள்: நம் வீட்டுக் கணினி யாரிடம் கேட்கிறது?



2021 அக்டோபர் 4, திங்கட்கிழமை. இந்திய நேரப்படி இரவு ஒன்பது மணி கடந்த சிறிது நேரத்தில் வாட்ஸ்அப், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் மூன்றும் உலகெங்கும் ஒருசேர அடங்கிப்போயின. ஜமாஅத் குழுக்கள், குடும்பக் குழுக்கள், வளைகுடாவில் இருக்கும் பிள்ளைகளோடு இஷாவுக்குப் பின் பேசும் வழக்கம் எல்லாம் ஏறத்தாழ ஆறு மணி நேரம் நின்றுபோயின. அந்நிறுவனத்தின் கணினிகள் எரிந்துவிடவில்லை; சேமித்த செய்திகளும் அழியவில்லை. பராமரிப்பின்போது இடப்பட்ட ஒரு தவறான கட்டளையால் அதன் உள்வலையமைப்பு துண்டிக்கப்பட்டது. அதைக் கண்ட அதன் பெயர்ச்சேவையகங்கள், தம்மை அடையும் வழியைத் தாமே இணையத்திலிருந்து விலக்கிக்கொண்டன. அதன்பின், "ஃபேஸ்புக் எங்கே இருக்கிறது?" என்று உலகின் எந்தக் கணினி கேட்டாலும் விடை சொல்ல ஆள் இல்லை. வீடு இருந்தது, விலாசம் சொல்பவர் இல்லை.

பெயர்ச்சேவையகம் என்ற சொல்லை நம்மில் பலர் அன்றுதான் முதன்முறையாகக் கேட்டோம். டிஎன்எஸ் என்று மூன்று எழுத்தில் சுருக்கி அழைக்கப்படும் இந்த ஏற்பாடு, நாம் இணையத்தைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் நமக்குத் தெரியாமலே வேலை செய்கிறது. இணையத்தில் இணைந்துள்ள கணினிகள் ஒன்றையொன்று பெயரால் அறிவதில்லை, எண்களால் மட்டுமே அறியும். நாமோ எண்களை மறப்போம். பெயரை நினைவில் வைப்போம். ஒரு காலத்தில் தொலைபேசியில் 197ஐச் சுழற்றி, சந்தாதாரர் பெயரைச் சொல்லி எண்ணைக் கேட்டுப் பெற்றதை நாற்பதைத் தாண்டியவர்கள் அறிவார்கள். பெயர்ச்சேவையகம் செய்வதும் அதே பணிதான். 197இல் அமர்ந்திருந்தவரிடம் ஓர் ஊரின் பட்டியல் இருந்தது. இணையத்திலோ முழுப் பட்டியலும் எவரிடமும் இல்லை. ஒவ்வொருவரும் தமக்குக் கீழே உள்ளவரை மட்டும் அறிவார்கள். இது எப்படி நடக்கிறது என்பதை அறிய நம் திருத்தணியின் வரலாறே போதும்.

வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இவ்வூர், 1911இல் சித்தூர் மாவட்டம் உருவானபோது அதனுள் சென்றது. 1953இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூரோடு சேர்ந்து அங்கே போயிற்று. ம.பொ.சி. முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டமும், பட்டாஸ்கர் தீர்ப்பும், 1959ஆம் ஆண்டுச் சட்டமும் சேர்ந்து 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி வட்டத்தைச் சென்னை மாநிலத்தின் செங்கற்பட்டு மாவட்டத்தில் சேர்த்தன. 1997இல் திருவள்ளூர் மாவட்டம் தனியே பிரிந்தபோது நாம் அதன் பங்காயினோம். இத்தனை மாற்றங்களிலும் மலை நகரவில்லை, ஊர்ப்பெயரும் தெருப்பெயர்களும் மாறவில்லை. "திருத்தணி எங்கே, அதன் பதிவேடு யாரிடம்?" என்று கேட்பவருக்கு மேலே உள்ள அலுவலகம் சொல்லும் விடை மட்டுமே மாறியது. முன்பு சித்தூரைக் கை காட்டியவர்கள் பின்பு செங்கற்பட்டைக் கை காட்டினார்கள். 1972இல் வந்த அஞ்சல் குறியீட்டிலும் இது பதிந்திருக்கிறது. நம் எண் 6இல் தொடங்குகிறது. சாலையில் சிறிது தொலைவு போனால் வரும் நகரியின் எண் 5இல் தொடங்குகிறது.

பெயர்ச்சேவையகங்களின் முறையும் இதுவே. உச்சியில் வேர்ச் சேவையகங்கள் உள்ளன. ஒரு தமிழ் நாளிதழின் முகவரியை அவற்றிடம் கேட்டால், "எனக்குத் தெரியாது, 'காம்' என்று முடிகிற பெயர்களுக்குப் பொறுப்பானவர் இன்னார், அவரிடம் கேள்" என்று சொல்லும். அவர், "அந்நாளிதழின் பெயருக்குப் பொறுப்பான சேவையகம் இது" என்று அடுத்தவரைக் காட்டுவார். மூன்றாமவரிடம்தான் எண் கிடைக்கும். இந்த மூவரிடமும் நம் கணினி தானே நடந்து போவதில்லை. அதற்காக அலைந்து விடை கொண்டுவரும் ஊழியர் ஒருவர் இடையில் இருக்கிறார். நாம் கணினியில் 'டிஎன்எஸ் சர்வர்' என்ற கட்டத்தில் எழுதும் எண் அந்த ஊழியரின் முகவரி. அவரைப் பற்றிப் பின்னர் விரிவாகக் காண்போம். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதே அவர்தான்.

தொடக்கத்தில் இத்தகைய அடுக்குகள் எவையும் இல்லை. 1970களில் அமெரிக்காவின் அர்பாநெட் வலையமைப்பில் இருந்த கணினிகள் சில நூறுதான். அவற்றின் பெயர்களும் எண்களும் ஒரே கோப்பில் எழுதப்பட்டிருந்தன. கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில் இருந்த எஸ்ஆர்ஐ ஆய்வு நிறுவனத்தில் எலிசபெத் ஃபைன்லர் என்ற பெண்மணியின் தலைமையில் இயங்கிய தகவல் மையம் அக்கோப்பைப் பராமரித்தது. புதிய கணினி ஒன்றை இணைப்பவர் அம்மையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அவர்கள் கோப்பில் சேர்ப்பார்கள். மற்றவர்கள் அவ்வப்போது அதைப் படியெடுத்துக்கொள்வார்கள். கணினிகள் பெருகப் பெருக, கோப்பு ஒருவரிடம் புதிதாகவும் மற்றவரிடம் பழையதாகவும் இருந்தது. ஒரே பெயரை இருவர் சூட்டிக்கொள்ளும் குழப்பமும் எழுந்தது.

தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நிறுவனத்தில் இருந்த ஜான் போஸ்டெல், இதற்குத் தீர்வு காணும் பொறுப்பைப் பால் மொக்கபெட்ரிஸ் என்பவரிடம் ஒப்படைத்தார். அவர் 1983 நவம்பரில் வெளியிட்ட இரண்டு ஆவணங்கள்தாம் இன்றைய முறையின் பிறப்புச் சான்று. 1987இல் அவை திருத்தி எழுதப்பட்டன. அந்தத் திருத்தம் இன்றளவும் நடைமுறையில் இருக்கிறது. ஒருவரே எல்லாவற்றையும் எழுதிவைத்திருக்கத் தேவையில்லை, பொறுப்பைப் பகிர்ந்து கீழே கொடுத்துவிடலாம் என்பது அவர் கண்ட வழி. கேட்டு அறிந்த விடையை இடையில் உள்ளவர் குறித்த காலம் வரை நினைவில் வைத்துக்கொள்ளலாம். காலம் முடிந்ததும் மறுபடி கேட்க வேண்டும் என்பதும் அவர் வகுத்த விதியே. சில நூறு கணினிகளுக்காகச் சிந்தித்த ஒரு வழி, இன்று கோடிக்கணக்கான பெயர்களைத் தாங்குகிறது.

இந்தியாவுக்குரிய 'இன்' என்ற முடிவு 1989இலேயே பதிவாகிவிட்டது. பொதுமக்களுக்கு இணையம் வந்ததோ 1995 ஆகஸ்ட் 15 அன்று, விதேஷ் சஞ்சார் நிகாம் வழியாக. 1998இல் தனியார் இணைப்பு நிறுவனங்களுக்கும் அனுமதி கிடைத்தது. சென்னையின் சத்யம் இன்ஃபோவே முதலில் களமிறங்கியது. தொலைபேசிக் கம்பி வழியாகக் கிரீச்சிட்டு இணைந்த அக்காலத்தில், பெயர்ச்சேவையகத்தின் எண்ணை நாமே கணினியில் தட்டச்சிட்டோம். இணைப்பு வாங்கியதும் ஒரு தாளில் பயனர் பெயர், கடவுச்சொல், அவற்றின் கீழே புள்ளி வைத்துப் பிரித்த இரண்டு எண் வரிசைகள் ஆகியவற்றைக் கொடுப்பார்கள். இரண்டாவது, முதலாமவர் பேசாதபோது கேட்பதற்கு. அந்த எண்கள் எதற்கு என்று கேட்டவர் அரிது. இப்போது இணைப்புப் பெட்டியே அவற்றைத் தானாக வாங்கிக் கணினிக்கும் கைபேசிக்கும் கொடுத்துவிடுகிறது. வேலை எளிதாயிற்று, யாரிடம் கேட்கிறோம் என்ற அறிவு நம் கையை விட்டுப் போயிற்று.

2003இல் தோன்றிய நிக்ஸி என்ற இந்திய இணையப் பரிமாற்ற அமைப்பு, 2005 தொடக்கத்தில் 'இன்' பெயர்களின் பதிவை ஏற்றது. அதே ஆண்டில் வேர்ச் சேவையகங்களின் படிகள் மூன்று இந்தியாவுக்கு வந்தன. சென்னை, மும்பை, தில்லி ஆகிய மூன்று இடங்களில் அவை நிறுவப்பட்டன. உலகில் வேர்ச் சேவையகப் பெயர்கள் பதின்மூன்று மட்டுமே. அன்றைய ஒரு சிறு செய்திப் பொட்டலத்துக்குள் அதற்கு மேல் அடங்காது என்பதே அந்த எண்ணிக்கைக்குக் காரணம். ஆனால் ஒவ்வொரு பெயருக்கும் பல ஊர்களில் படிகள் உள்ளன. மொத்தம் ஆயிரத்துக்கும் மேல். திருத்தணியிலிருந்து எழும் கேள்வி கடல் கடந்து போய்த்தான் வேரைத் தொட வேண்டும் என்ற நிலை அன்றோடு மாறியது.

இந்த வரலாற்றில் நமக்கு நெருக்கமான பகுதி இனிமேல்தான் வருகிறது. மொக்கபெட்ரிஸ் வகுத்த முறையில் ஆங்கில எழுத்துகள், எண்கள், சிறு கோடு ஆகியவற்றைத் தவிர வேறு எதற்கும் இடமில்லாத வழக்கம் நிலைத்துவிட்டது. தமிழில் எழுதலாம், அரபியில் எழுதலாம். வீட்டின் பெயர்ப்பலகையை மட்டும் ஆங்கிலத்தில்தான் மாட்ட வேண்டும். இதை மாற்றும் முயற்சிக்குச் சிங்கப்பூர் ஒரு முக்கியக் களமாயிற்று. 1997 மே மாதத்தில் அங்கே நடந்த தமிழ்நெட் மாநாடு, கணினித் தமிழர்களை ஒன்றுகூட்டியது. அடுத்த ஆண்டு சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் டான் டின் வீ குழுவினர் பன்மொழிப் பெயர்களுக்கான சோதனை ஏற்பாட்டை உருவாக்கினர். அதில் தொடக்கத்திலேயே இடம்பெற்ற மொழிகளில் தமிழும் ஒன்று.

வேர்ச் சேவையகத்தை மாற்றாமலே இதைச் செய்ய 2003இல் ஓர் உத்தி ஏற்கப்பட்டது. நாம் தமிழில் எழுதும் பெயரை உலாவி, 'எக்ஸ்என்' என்று தொடங்கும் ஆங்கில எழுத்துக் கோவையாக உருமாற்றி அனுப்பும். சேவையகம் பார்ப்பது அந்தக் கோவையை. நாம் பார்ப்பது தமிழை. 2007 அக்டோபரில் ஐகான் அமைப்பு பதினொரு சோதனை முடிவுகளை வேரில் சேர்த்தது. அரபி, பாரசீகம், ஹிந்தி முதலியவற்றோடு தமிழுக்கு வந்த முடிவு 'பரிட்சை'. 'பரீட்சை' என்றல்லவா இருக்க வேண்டும் என்று உஸ்தாதாகிய எனக்குத் தோன்றத்தான் செய்கிறது. பின்னர் அச்சோதனை முடிவுகள் வேரிலிருந்து நீக்கப்பட்டன.

உண்மையான பெயர்களாக முதலில் வேரில் நுழைந்தவை அரபி எழுத்தில் அமைந்தவை. 2010 மே 5 அன்று எகிப்தின் 'மிஸ்ர்', சவூதி அரேபியாவின் 'அஸ்ஸுஊதிய்யா', அமீரகத்தின் 'இமாராத்' மூன்றும் நடைமுறைக்கு வந்தன. வலமிருந்து இடமாக எழுதப்படும் பெயரை உலகின் எல்லாக் கணினிகளும் ஏற்கும் என்பது அன்று மெய்ப்பட்டது. தமிழில் முதலில் வந்தது 'இலங்கை'. அதே 2010இல், சிங்களப் பெயரோடு சேர்ந்து வந்தது. 2011இல் 'சிங்கப்பூர்', 'இந்தியா' இரண்டும் வந்தன.

இந்தியா அவ்வாண்டு ஏழு எழுத்துமுறைகளில் முடிவுகளைப் பெற்றது. ஹிந்தி, உருது, தெலுங்கு, குஜராத்தி, பஞ்சாபி, வங்காளம் ஆகிய ஆறிலும் அப்பெயர் 'பாரத்'. தமிழில் மட்டும் 'இந்தியா'. எல்லையூரான திருத்தணியின் கடைத்தெருவில் தமிழும் தெலுங்கும் உருதும் ஒரே நாளில் காதில் விழும். இம்மூன்று மொழியினருக்கும் தத்தம் எழுத்திலேயே முகவரி அமைத்துக்கொள்ள வழி உண்டு. ஆனால் அப்படி அமைத்த பள்ளிவாசலோ மத்ரஸாவோ கடையோ எத்தனை? விசைப்பலகை மாற்றும் சோம்பலும், மின்னஞ்சல் சேவைகள் பல இப்பெயர்களை ஏற்கத் தயங்குவதும் காரணங்கள். போராடிப் பெற்ற பெயர்ப்பலகை பெரும்பாலும் மாட்டப்படாமலே கிடக்கிறது என்பது என் வருத்தம்.

எழுத்து வந்தால் போலியும் உடன் வரும். தமிழில் 'ர' என்ற எழுத்துக்கும் துணைக்காலுக்கும் வடிவ வேற்றுமை மிகச் சிறிது. 'ஔ' என்ற ஓரெழுத்தையும், 'ஒ'வை அடுத்து 'ள' எழுதுவதையும் கண்ணால் பிரித்தறிவது கடினம். ஒருவர் வங்கியின் பெயரை இவ்வாறு மாற்றி எழுதிப் பதிந்துகொண்டால் என்னாவது? 2019இல் ஐகான் வெளியிட்ட வேர்ப்பெயர் விதிகளில் தமிழும் சேர்க்கப்பட்டது. இத்தகைய இரட்டை வடிவங்களுள் ஒன்று வேரில் இடம்பெற்றால் மற்றொன்று வேறொருவருக்குப் போகாமல் தடுக்கும் ஏற்பாடு அதில் உண்டு. எழுத்துப்பிழை பாதுகாப்புப் பிரச்சினையாகும் இடம் இது.

இனி, இடையில் இருக்கும் அந்த ஊழியருக்கு வருவோம். நாம் எந்த இணையப் பக்கத்துக்குப் போனாலும் முதலில் அவரிடம்தான் பெயரைச் சொல்கிறோம். எந்த நேரத்தில் எதைத் தேடினோம் என்பதை அவர் அறிவார். அவர் பொய் சொன்னால் நம்மால் கண்டறிய இயலாது. சரியான பெயரைத் தட்டச்சிட்டும் தவறான வாசலில் நிற்போம்.

இது கற்பனை அச்சமன்று. எஸ்டோனியாவிலிருந்து இயங்கிய ஒரு கும்பல் 'டிஎன்எஸ் சேஞ்சர்' என்ற தீநிரலைப் பரப்பியது. அது கணினியில் செய்த மாற்றம் மிகச் சிறிது: பெயர்ச்சேவையக எண்ணை அழித்துத் தன் சேவையகத்தின் எண்ணை எழுதியது. நூறு நாடுகளில் சுமார் நாற்பது லட்சம் கணினிகள் அறியாமலே அக்கும்பலிடம் வழி கேட்டன. தேடியவர்களை வேறு விளம்பரங்களுக்குத் திருப்பி ஒன்றரைக் கோடி டாலருக்குச் சற்றுக் குறைவாக அவர்கள் ஈட்டினர். 2011 நவம்பரில் அமெரிக்கப் புலனாய்வுத் துறையின் விசாரணையில் அவர்கள் பிடிபட்டனர். பிடித்த பின்தான் சிக்கல் புரிந்தது. அந்தச் சேவையகங்களை அணைத்தால் லட்சக்கணக்கான வீடுகளில் இணையமே நின்றுவிடும். ஆகவே நீதிமன்ற அனுமதியோடு அதே எண்களில் நேர்மையான சேவையகங்களை வைத்து, 2012 ஜூலை 9 வரை இயக்கினார்கள். எட்டு மாத எச்சரிக்கைக்குப் பின்னும், அந்நாளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளில் எண் திருத்தப்படாமலே இருந்தது.

ஊழியர் திருடராக இல்லாமல், மேலிடத்து ஆணைப்படி மறைப்பவராகவும் இருக்கலாம். 2012இல் ஒரு தமிழ்த் திரைப்படத்தின் திருட்டுப் படிகளைத் தடுக்கச் சென்னை உயர் நீதிமன்றம் பிறப்பித்த ஆணையைக் காட்டி, இணைப்பு நிறுவனங்கள் விமியோ போன்ற தளங்களை முழுமையாகவே மூடின. குறிப்பிட்ட பக்கங்களை மட்டும் தடுத்தால் போதும் என்று ஜூன் மாதத்தில் நீதிமன்றம் தெளிவுபடுத்த வேண்டியதாயிற்று. பெயரைக் கேட்கும் இடத்தில் வைக்கும் தடை இத்தகையதுதான். ஓர் அறையைப் பூட்ட வேண்டிய இடத்தில் வீட்டையே பூட்டும்.

நம்பகமான வேறு ஊழியரை நாமே அமர்த்திக்கொள்ளலாம் என்ற எண்ணம் 2006இல் ஓப்பன்டிஎன்எஸ் வழியாகப் பரவியது. 2009 டிசம்பரில் கூகுள் 8.8.8.8 என்ற எளிய எண்ணோடு வந்தது. 2017இல் குவாட்9 அமைப்பு 9.9.9.9 என்பதையும், 2018 ஏப்ரல் 1 அன்று கிளவுட்ஃப்ளேர் 1.1.1.1 என்பதையும் திறந்தன. இவை எவற்றுக்கும் கட்டணமில்லை. கட்டணம் இல்லாததால் கேள்விகளும் இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. ஊரில் உள்ள நிறுவனத்திடமிருந்து நம் நம்பிக்கையை எடுத்து வெளிநாட்டு நிறுவனத்திடம் கொடுக்கிறோம், அவ்வளவே.

மேலே உள்ளவர் கீழே உள்ளவரை உறுதிப்படுத்தும் மின்கையொப்பச் சங்கிலி ஒன்றும் உண்டு. 2010 ஜூலை 15 முதல் வேர்ச் சேவையகமே கையொப்பமிடுகிறது. ஹதீஸ் கலை பயிலும் மாணவர்கள் இதைக் கேட்டவுடன் இஸ்னாதை நினைப்பார்கள். இன்னாரிடமிருந்து இன்னார் அறிவித்தார் என்ற தொடர் அறாமல் இருக்கிறதா என்று பார்ப்பது இரண்டிலும் பொது. ஆனால் ஒப்புமை அங்கே நின்றுவிடுகிறது. நம் இமாம்கள் ராவியின் நேர்மையையும் நினைவாற்றலையும் ஆராய்ந்தார்கள். கணினிக் கையொப்பமோ விடை வழியில் மாற்றப்படவில்லை என்பதை மட்டும் சொல்லும். அந்தப் பக்கத்தை நடத்துபவர் யோக்கியரா என்று சொல்லாது.

பிள்ளைகள் உள்ள வீடுகளுக்குப் பயன்படும் ஒரு வளர்ச்சி 2010இல் வந்தது. ஓப்பன்டிஎன்எஸ் நிறுவனம், ஆபாசத் தளங்களின் பெயரைக் கேட்டால் வழி சொல்லாத சேவையகங்களைத் தனியே அமைத்தது. அவற்றின் எண்கள் 208.67.222.123, 208.67.220.123. கிளவுட்ஃப்ளேர் 2020 ஏப்ரல் 1 அன்று இதே நோக்கில் 1.1.1.3, 1.0.0.3 என்ற எண்களைத் திறந்தது. இவை தீநிரல் பரப்பும் தளங்களையும் மறுக்கும். பெற்றோர் சிலர் பணம் கொடுத்து மென்பொருள் வாங்குவதற்கு முன் இதைச் செய்து பார்க்கலாம் என்பது என் கருத்து.

விண்டோஸ் 11 கணினியில் 'செட்டிங்ஸ்' திறந்து, 'நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்' பகுதியில் நம் இணைப்பின் பண்புகளுக்குள் சென்றால் 'டிஎன்எஸ் சர்வர் அசைன்மென்ட்' என்ற வரி இருக்கும். அதன் அருகில் உள்ள 'எடிட்' பொத்தானை அழுத்தி, 'மேனுவல்' என்று மாற்றி, ஐபிவி4 என்பதை இயக்கி, முதல் கட்டத்தில் 1.1.1.3, இரண்டாவதில் 1.0.0.3 என்று எழுதிச் சேமிக்க வேண்டும். பலர் இங்கேயே நிறுத்திவிட்டு, வடிகட்டி வேலை செய்யவில்லை என்கிறார்கள். இன்றைய இணைப்புகள் பல ஐபிவி6 என்ற புதிய எண் முறையையும் சேர்த்தே தருகின்றன. கணினி அந்த வழியில் பழைய ஊழியரிடமே கேட்டுக்கொண்டிருக்கும். அதையும் இயக்கி 2606:4700:4700::1113, 2606:4700:4700::1003 என்று எழுத வேண்டும். உலாவியின் அமைப்புகளில் 'செக்யூர் டிஎன்எஸ்' என்ற வசதி தனியே வேறொருவரிடம் கேட்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். எண்ணை வீட்டு இணைப்புப் பெட்டியிலேயே எழுதினால் வைஃபை வழியாக வரும் எல்லாக் கருவிகளும் பொதுவாக அதையே பின்பற்றும்; கைபேசியின் சொந்த டேட்டாவுக்கு மட்டும் அது பொருந்தாது. ஆண்ட்ராய்டு 9 முதல் கைபேசிகளில் 'பிரைவேட் டிஎன்எஸ்' என்ற அமைப்பு உண்டு. அது எண்ணை ஏற்காது, சேவையகத்தின் பெயரைக் கேட்கும். அந்தந்த நிறுவனத்தின் பக்கத்தில் பெயரைப் பார்த்து எழுதிக்கொள்ளலாம்.

இந்த வடிகட்டி பெயரை மட்டுமே பார்க்கும். யூடியூப் என்ற பெயரை அனுமதித்தால் அதனுள் இருக்கும் எல்லாக் காணொளிகளுக்கும் அது வழிவிட்டுவிடும். எண்ணை மாற்றக் கற்ற பிள்ளை அதைத் திரும்பவும் மாற்றும். கணினியில் பிள்ளைக்கு நிர்வாகி உரிமை இல்லாத தனிக் கணக்கு வைத்தால் அந்த வழி ஓரளவு அடைபடும்.

மாற்றியது நிலைத்ததா என்று பார்க்க, கட்டளைச் சாளரத்தைத் திறந்து 'என்எஸ்லுக்அப்' என்ற கட்டளையோடு ஏதேனும் ஒரு தளத்தின் பெயரை ஆங்கிலத்தில் தட்டச்சிட்டால் போதும். தளத்தின் எண்ணுக்கு முன்பாக, மேலே இரண்டு வரிகளில் விடை சொன்ன ஊழியரின் பெயரும் எண்ணும் வரும். அங்கே நாம் எழுதிய எண் இல்லையென்றால் கணினி இன்னும் வேறொருவரிடம்தான் கேட்டுக்கொண்டிருக்கிறது. இணைப்புப் பெட்டியில் எழுதியவர்களுக்கு மட்டும் அவ்வரியில் பெட்டியின் சொந்த எண் வரக்கூடும்.